அருவியோடு முடிந்துவிடுவதா குற்றாலம்?

குற்றாலத்துக்கு வருகிற எல்லாரும் தலையைத் தூக்கித்தான் தண்ணீரைப் பார்க்கிறார்கள். பேரருவி ஏறக்குறைய 60 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கி, பொங்குமாங்கடல் என்ற பாறைக்குழியில் விழுந்து நிரம்பி, அங்கிருந்து நம் தலையில் கொட்டுகிறபோது, காலடியில் ஓடும் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று யாருக்குக் கவலை? குளித்து, தலை துவட்டி, நேந்திரங்காய் சிப்ஸும் ரம்புட்டானும் வாங்கிக்கொண்டு, பரோட்டாக் கடையில் இடம்பிடித்துச் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பிவிடுகிறோம். தண்ணீருக்கோ அதற்குப் பிறகுதான் வேலையே. இலஞ்சி, மேலகரம் வயல்களுக்குப் பாய்ந்து, தென்காசியைக் கடந்து, வழியில் குண்டாற்றையும் அனுமன் நதியையும் கூட்டிக்கொண்டு, அணைக்கட்டு அணைக்கட்டாக நின்று நின்று, ஏறக்குறைய 80 கிலோமீட்டர் ஓடி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேர்கிறது. சிற்றாறு என்ற பெயரைப் பார்த்து அதைச் சின்ன ஆறு என்று நினைத்துக்கொண்டோம்.

குற்றாலத்திலிருந்து தென்காசிக்குச் சாலை வழியே ஐந்து கிலோமீட்டர்தான். அந்த இடைவெளியில் ஆற்றையும் அதன் வாய்க்கால்களையும் ஒட்டி, நடக்கவும் சைக்கிள் மிதிக்கவும் ஒரு பாதை வேண்டும் என்பது இந்தக் கட்டுரையின் கோரிக்கை. ஆனால், இப்படிக் கேட்டவுடன் அதிகாரிகள் மனதில் ஒரு படம் வந்துவிடும்: இரண்டு பக்கமும் சிமென்ட் சுவர், நடுவில் டைல்ஸ், வளைந்த விளக்குக் கம்பம், 'ஐ லவ் தென்காசி' என்று எழுத்து. அதற்குப் பேசாமல் இருப்பதே மேல். கேட்பது மண் பாதை. அதுவும் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கிற பாதை.

தென்காசி உருவான கதையே ஆற்றங்கரைக்கு நடந்து போன கதைதான். காசிக்குப் போய் வழிபட முடியாத மக்களுக்காகக் கோயில் கட்ட நினைத்த பராக்கிரம பாண்டியனின் கனவில் சிவன் வந்து, கோட்டையிலிருந்து ஊர்ந்து போகும் எறும்புச் சாரையைத் தொடர்ந்து போ, அது முடிகிற இடத்தில் கட்டு என்றாராம். எறும்புகள் அவனைச் சிற்றாற்றங்கரையில் செண்பக வனத்தில் கொண்டுபோய் விட்டன. 1446-ல் கோயில் வேலை தொடங்கியது. தலபுராணத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ராஜா ஒருவன் பல்லக்கில் ஏறாமல், தரையைப் பார்த்துக்கொண்டு எறும்பின் பின்னால் நடந்தான் என்று ஓர் ஊர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது. இன்று அதே ஊரில் ஆற்றங்கரையில் தொடர்ந்து அரை மணி நேரம் நடப்பதற்கு உருப்படியான வழி கிடையாது. பாதி தூரம் போனதும் ஒரு சுற்றுச்சுவரோ, குப்பைமேடோ, முள்வேலியோ மறிக்கும்.

போன ஆடிச் சாரலில் நாங்கள் ஒரு கூட்டமாகக் கிளம்பினோம். ஓய்வு பெற்ற ஆசிரியர், வங்கி ஊழியர், கல்லூரிப் பிள்ளைகள் சிலர், அவர்களில் ஒருவரின் அம்மா, வழிகாட்ட மேலகரம் பக்கத்து விவசாயி. பாதிப் பேர் நடை, பாதிப் பேர் சைக்கிள்; சைக்கிள்காரர்கள் பல இடங்களில் வண்டியைத் தள்ளிக்கொண்டும் தூக்கிக்கொண்டும் வந்தார்கள். விதி ஒன்றுதான்: எங்கே முடிகிறதோ அதுவரை தண்ணீரைக் கண்ணில் இருந்து விடக்கூடாது.

அதைக் காப்பாற்றவே முடியவில்லை. குற்றாலத்துக் கடைவீதியைத் தாண்டும் வரை ஆறு என்பது கட்டடங்களின் பின்பக்கம். ஊர் முழுவதும் அருவிக்கு முகத்தைக் காட்டி, ஆற்றுக்கு முதுகைக் காட்டிக் கட்டப்பட்டிருக்கிறது. விடுதிகளின் பின்சுவர்களில் இருந்து குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. எந்தக் குழாயில் என்ன வருகிறது என்பதைச் சொல்ல மோப்பமே போதும். அருவியில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது நல்ல காரியம். ஆனால், அருவியில் கண்காணிப்பும் அதற்குக் கீழே கண்மூடலுமாக இருந்தால், தடையின் பலன் இருநூறு அடி தூரத்துக்குத்தான். மரவேர்களில் ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டுகளும், குளித்தவர்கள் கழற்றி விட்ட துணிகளும் சிக்கிக்கிடந்தன. கழற்றிய துணியை ஆற்றோடு விட்டால் பீடை போகும் என்று யார் முதலில் சொன்னார்களோ தெரியாது. அந்தப் பீடை முழுக்க இலஞ்சிக்காரர் மதகில் வந்து அடைக்கிறது.

ஊரைத் தாண்டியதும் காட்சி மாறிவிட்டது. தென்னந்தோப்பு, அதன் இடுக்கில் மலை, மலைமேல் இறங்கி ஏறும் மேகம். கார் நெல் நடவு முடிந்து பச்சை பிடித்திருந்தது. தமிழ்நாட்டின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழையை நம்பிக் கார் சாகுபடியும், பிறகு வடகிழக்குப் பருவமழையில் பிசானமும் எடுக்கிற பூமி இது. சுற்றுலாப் பயணிக்கு 'சீசன்' என்பது குளியல்; இங்கே விவசாயிக்கு அது நாற்றங்கால். இரண்டு சீசனும் ஒரே தண்ணீரில்தான் நடக்கின்றன என்பது கரையில் நடந்தால்தான் உறைக்கும். ஒரு மடையில் நின்று, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை, யார் முறை என்று எங்கள் விவசாயி சொல்லத் தொடங்கியதும் கல்லூரிப் பிள்ளைகள் போனைப் பைக்குள் வைத்துவிட்டார்கள். அன்றைக்கு நான் பார்த்த பெரிய அதிசயம் அதுதான்.

இலஞ்சிக் குமாரர் கோயில் பக்கம் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடும்போது அந்த விவசாயியிடமே கேட்டோம்: இந்தக் கரையை எல்லாரும் நடக்கிற மாதிரி நல்ல பாதையாகப் போட்டால் எப்படி இருக்கும்?

“ரோடு மட்டும் போட்ராதிய அண்ணாச்சி” என்றார், வாயில் சோற்றோடு. “ரோடு போட்டா காரு வரும். காரு வந்தா பாட்டிலு வரும். பாட்டிலு ஒடஞ்சா, நாத்து நடுத பொம்பளையாளு காலத்தான் கிழிக்கும்.”

ஆற்றங்கரைப் பாதைத் திட்டங்களைப் பற்றி நான் படித்த எதிலும் இவ்வளவு தெளிவான ஆட்சேபம் இருந்ததில்லை. கரை என்பது காலியிடம் இல்லை. யாரோ தினமும் வேலை செய்கிற இடம். மண்வெட்டியோடு போகிறவர், புல்லறுக்கிறவர், ஆடு மேய்க்கிறவர், துணி துவைக்கிறவர் எல்லாருக்கும் உரிய இடம். அங்கே பொழுதுபோக்குக்காகப் போகிறவன் விருந்தாளி. விருந்தாளிக்காக வீட்டை இடித்துக் கட்டுவது எந்த ஊர் வழக்கம்?

ஆகவே, பாதை எப்படி இருக்க வேண்டும் என்பதை அந்த மனிதரின் பயத்திலிருந்தே எழுதிவிடலாம். இரண்டு பேர் சேர்ந்து நடக்கும் அகலம், அதற்கு மேல் வேண்டாம். காரும் பைக்கும் நுழைய முடியாதபடி இரண்டு முனைகளிலும் கல் நட வேண்டும். கரையில் கடை கூடாது. பொழுது சாய்ந்த பிறகு யாரும் போகக் கூடாது. ஆகவே விளக்கும் தேவையில்லை. மண் சரிகிற இடத்தில் கருங்கல் அடுக்கு, வாய்க்கால் குறுக்கிடும் இடத்தில் சிறு பாலம், வெயிலுக்கு மருதும் புன்னையும். அவ்வளவுதான். கோடிகள் தேவைப்படாத திட்டம் என்பதால்தான் இது கோப்பில் ஏறாது என்று எங்கள் ஆசிரியர் சொன்னார். அவர் சற்றுக் கசப்பான ஆள்.

சிமென்ட் வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உதாரணங்களுக்குப் பஞ்சமில்லை. மதுரையில் வைகையின் இரு கரைகளிலும் ஆற்றுக்குள்ளேயே சுவர் எழுப்பிச் சாலை போட்டார்கள். ஆறு ஒடுங்கி, இரண்டு சாலைகளுக்கு நடுவே ஒரு பள்ளமாகிவிட்டது. நாடு முழுவதும் முன்மாதிரியாகக் காட்டப்படும் அகமதாபாத்தின் சபர்மதி நதிமுகத்தில், இயற்கையாக அகன்றும் குறுகியும் ஓடிய ஆற்றை ஒரே சீராக 263 மீட்டர் அகலத்துக்குள் அடக்கினார்கள். அங்கே நடைப்பயிற்சிக்கு அருமையான பாதை இருக்கிறது, மறுக்கவில்லை. பக்கத்தில் நிற்கும் தண்ணீர் நர்மதைக் கால்வாயிலிருந்து கொண்டுவந்து நிரப்பியது. ஆற்றைப் பார்க்கப் போகிறவர்கள் அங்கே பார்ப்பது ஒரு நீளமான தொட்டியை.

இதற்கு நேர் எதிர்த்திசையில் போன ஊர் சிங்கப்பூர். பீஷான் பூங்காவை ஒட்டி 2.7 கிலோமீட்டருக்கு நேர்கோடாக ஓடிய கல்லாங் ஆற்றின் சிமென்ட் கால்வாயை உடைத்தெடுத்து, 3.2 கிலோமீட்டருக்கு வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக மாற்றி 2012-ல் திறந்தார்கள். கரையில் புல்லும் செடியும் பாறையும்; மண்ணைப் பிடித்துக்கொள்ள வேர்கள். சாதாரண நாளில் மக்கள் தண்ணீர் அருகிலேயே போய் நடக்கலாம். மழை கனத்தால் நீர்மட்டத்தை உணரும் கருவிகள் எச்சரிக்கும், விளக்கும் சைரனும் கிளம்பும், மக்கள் மேட்டுக்கு ஏறிவிடுவார்கள், பூங்காவின் ஒரு பகுதி ஆறாகிவிடும். வெள்ளம் வடிந்தபின் மறுபடி பூங்கா. ஆற்றுக்குக் கொடுக்க வேண்டிய இடத்தைக் கொடுத்துவிட்டு, அது பயன்படுத்தாத நேரத்தில் நாம் பயன்படுத்திக்கொள்வது என்ற ஏற்பாடு. இடத்துக்கு அல்லாடும் அந்தத் தீவுக்கே இது கட்டுப்படியாகிறது.

நமக்கு இந்த எச்சரிக்கை விஷயம் அலங்காரம் இல்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த காட்டாற்று வெள்ளம் திருநெல்வேலியைச் சேர்ந்த 17 வயதுப் பையனை அடித்துக்கொண்டு போனது. மேலே மலையில் பெய்த மழை அது. குளித்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தப்பி ஓடக் கொஞ்ச நேரமே கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் பேரருவிப் பகுதியே வெள்ளக்காடானது. அருவியில் என்ன வேகமோ அதன் மிச்சம்தான் ஆற்றிலும் வரும். எனவே கரைப்பாதையின் முதல் செலவு டைல்ஸ் அல்ல, மேலே நீரளவு காட்டும் கருவியும் கீழே கேட்கும் சைரனும். சிவப்புக் கொடி ஏறிய நாளில் பாதை மூடப்பட வேண்டும். வருஷத்தில் சில வாரங்கள் மூடிக்கிடந்தால் பாதைக்குக் குறைவு ஒன்றுமில்லை. அருவிகளிலேயே குளிக்கத் தடை போடுகிறோம், ஊர் பழகித்தானே இருக்கிறது?

சைக்கிள் எதற்கு, நடந்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: தென்காசியிலிருந்து செங்கோட்டை, புளியரை வழியே கேரளத்துக்குக் கல்லும் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிப் போகும் கனரக லாரிகளுக்கு நடுவே ஒரு நாள் சைக்கிள் ஓட்டிப் பாருங்கள். சீசன் சனி, ஞாயிறுகளில் குற்றாலம் சாலையும் அதற்குச் சளைத்ததல்ல. அரசு பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கிறது. உலகத்தில் பல நாடுகள் எடுத்துப் படிக்க வேண்டிய திட்டம். அந்தச் சைக்கிளைப் பயமில்லாமல் ஓட்ட ஒரு பாதை கொடுத்திருக்கிறோமா? இலஞ்சியிலும் மேலகரத்திலும் இருந்து தென்காசிக்குப் படிக்கவும் வேலைக்கும் வருகிற பிள்ளைகளை இரண்டு கிலோமீட்டர் லாரிச் சாலையைத் தவிர்த்துக் கரையோரம் கூட்டிவந்தால், அதுவே திட்டத்தின் செலவுக்கு ஈடு. மத்தளம்பாறையில் மென்பொருள் நிறுவனம் நடத்திவந்த ஸ்ரீதர் வேம்பு சைக்கிளில் போகும் படம் வந்தபோது நாடே வியந்தது. அதே சாலைகளில் பால்காரரும் தபால்காரரும் ஆயுள் முழுக்க மிதித்தார்கள், ஒரு கேமராவும் திரும்பவில்லை. போகட்டும், யாரைப் பார்த்தாவது சைக்கிளுக்கு மரியாதை வந்தால் சரி.

ஏன் கூட்டமாகப் போக வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். தனியாக ஆற்றங்கரைக்குப் போக நம் ஊர்ப் பெண்களுக்குத் துணிவு இருக்கலாம், சூழ்நிலை இல்லை. எங்களோடு வந்த அம்மா தென்காசி யானைப்பாலம் படித்துறையில் சிறுமியாகக் குளித்து வளர்ந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் கரையில் கால் வைத்ததே இல்லை என்றார், அவர் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தும். மக்கள் போகாத கரையைக் குடிகாரர்களும் குப்பை வண்டியும் எடுத்துக்கொள்கிறார்கள்; அவர்கள் எடுத்துக்கொண்டதால் மக்கள் போவதில்லை. வாரத்துக்கு ஒருமுறை முப்பது பேர் சேர்ந்து பேசிச் சிரித்துக்கொண்டு போனால் இந்தச் சுழல் உடையும். புதிதாக முளைத்த ஆக்கிரமிப்பும், புதிதாக நீட்டிய குழாயும், மதகை மூடிய அமலைச்செடியும் அந்த முப்பது பேர் கண்ணிலிருந்து தப்பாது. நீர்வளத் துறை எவ்வளவு பேரைச் சம்பளத்துக்கு வைத்தாலும் இந்தக் கண்காணிப்பு கிடைக்காது.

குற்றாலத்துக்கு இது புதிய பழக்கமும் இல்லை. ரசிகமணி டி.கே.சி. இங்கே வாழ்ந்த காலத்தில் ராஜாஜியும் கல்கியும் வந்து தங்குவதும், குளியலும் கவிதையும் பேச்சும் ஒன்றாக நடப்பதும் ஊரறிந்தவை. திருக்குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் மேலகரத்துக்காரர். அவருக்கு மானியமாகக் கிடைத்த நிலத்துக்கே குறவஞ்சி மேடு என்று பெயர். இந்த இடங்களையெல்லாம் ஒரு பிள்ளை காரின் ஜன்னல் வழியே தெரிந்துகொள்ள வழியில்லை. நடந்தால் ஒரு காலைப்பொழுது.

அரசாங்கத்திடம் இதற்கான கொள்கை இல்லாமல் இல்லை. 2023 நவம்பரில் 'நடப்போம், நலம் பெறுவோம்' திட்டத்தில் 38 மாவட்டங்களிலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை என்று அறிவித்துத் தொடங்கி வைத்தார்கள். நல்ல தொடக்கம். அந்த எட்டைச் சாலையோரத்திலிருந்து ஆற்றோரத்துக்கு நகர்த்துவதற்குத் தென்காசியைப் போல வாகான மாவட்டம் இன்னொன்று இல்லை. தடை எங்கே என்றால், துறைகளில். மேலே மலை வனத்துறையிடம், அருவிக்கரை பேரூராட்சியிடம், ஆறும் அணைக்கட்டும் நீர்வளத் துறையிடம், புறம்போக்குக் கணக்கு வருவாய்த் துறையிடம், தென்காசிக்குள் வந்தால் நகராட்சி. ஆளுக்கொரு துண்டு என்பதால் முழு ஆற்றுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது, திருநெல்வேலிக்கு ஓடாமல் இங்கேயே முடிவெடுக்கலாம் என்றுதானே கொண்டாடினோம்? இந்த ஐந்து துறைகளையும் ஒரே மேஜையில் உட்காரவைக்கக்கூடிய ஒரே ஆள் மாவட்ட ஆட்சியர்.

பராமரிப்பு பற்றிய சந்தேகம் நியாயமானது. நம் ஊரில் எதையும் திறப்பதற்கு ஆள் உண்டு, கூட்டுவதற்கு ஆள் கிடையாது. இதையும் பராக்கிரம பாண்டியன் முன்பே யோசித்திருக்கிறான். வருங்காலத்தில் இந்தக் கோயில் பழுதுபட்டால் அதைச் செப்பனிடப் போகிறவர்களின் காலில் விழுந்து வணங்குகிறேன் என்று தென்காசிக் கோயிலிலேயே பாட்டாகக் கல்லில் பொறித்து வைத்தான். கட்டியவன் தன் பெருமையை விட்டுவிட்டுப் பராமரிக்கப் போகிறவனைக் கும்பிட்ட கல்வெட்டு அது. 1924-ல் இடி விழுந்து எரிந்த ராஜகோபுரத்தை 1990-ல் மறுபடியும் எழுப்பிக் காட்டிய ஊருக்கு, ஐந்து கிலோமீட்டர் மண் கரையைச் செதுக்கி வைத்துக்கொள்ள முடியாதா? குடிமராமத்து இந்தக் கரைகளுக்குப் பழக்கமான சங்கதி. கூலியை உள்ளாட்சி அமைப்புகள் கொடுக்கட்டும். எந்த இடத்தில் மண் போட வேண்டும், எங்கே போடக் கூடாது என்பதைப் பாசன விவசாயிகள் சொல்லட்டும். அவர்களுடைய சம்மதம் இல்லாமல் ஒரு சட்டி மண்கூட விழக் கூடாது.

திட்ட அறிக்கை தயாரிக்க ஆலோசனை நிறுவனத்தைத் தேடுவதற்கு முன் ஆட்சியர் ஒரு காரியம் செய்யலாம். வனத்துறை, நீர்வளத் துறை, பேரூராட்சி, நகராட்சி, வருவாய்த் துறை அதிகாரிகளைக் கூட்டிக்கொண்டு, ஜீப்பைக் குற்றாலத்திலேயே விட்டுவிட்டு, யானைப்பாலம் வரை தண்ணீரை ஒட்டி நடந்து வரட்டும். சாரல் காலத்தில் ஒருமுறை, கார்த்திகை மழையில் ஒருமுறை. எந்தெந்த இடத்தில் சுற்றிப் போக வேண்டியிருந்தது என்று குறித்துவைத்தால் ஆக்கிரமிப்புப் பட்டியல் தானாகவே தயாராகிவிடும். அதன்பின் நில அளவையரை அனுப்பி ஆற்றின் எல்லைக் கற்களை நட வேண்டும். பாதையை அதற்கு அப்புறம் பேசிக்கொள்ளலாம். எல்லைக் கல் மட்டும் அடுத்த சீசனுக்குள் நடப்பட்டாக வேண்டும்.